எலும்பு எந்த டிபார்ட்மென்ட்?

மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. டாக்டர் அவர் எழுதிய சீட்டைத்தான் பார்ப்பார். எங்களுக்கு அதே ஆளுடைய எல்லாச் சீட்டும் வந்து சேரும். தோல் டாக்டர் எழுதியது, நெஞ்சு டாக்டர் எழுதியது, மூட்டுக்கு மதுரையில் எழுதிக்கொடுத்தது, மடித்து மடித்து எழுத்தே அழிந்துபோன போன வருஷத்துச் சீட்டு, எல்லாம். தென்காசியில் நான் கடை நடத்தும் இத்தனை வருஷத்தில் இந்தச் சீட்டுகளில் சலிக்காமல் வரும் பெயர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வைசோலோன், ஓம்னாகார்டில் என்றால் வீட்டில் பல பேருக்குத் தெரியும். ஆஸ்துமா முற்றினால் அது, முடக்குவாதத்துக்கு அது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸுக்கு அது, சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினால் அது, உடம்பெல்லாம் கொப்புளம் போடும் பெம்ஃபிகஸுக்கும் அதுதான்.

எலும்பைக் கரைக்கும் அந்த மாத்திரை வருஷக்கணக்கில் ஓடும் பல சீட்டுகளில் எலும்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கூடிப்போனால் ஒரு கால்சியம் மாத்திரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படித்துவிட்டு நாலு பேர் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போடுவார்கள். இளைப்புக்கு ஐந்து நாள், அலர்ஜிக்கு ஒரு வாரம் என்று எப்போதாவது சாப்பிட்டவர்களுக்கான கட்டுரை இல்லை இது. (அந்த ஐந்து நாள் கோர்ஸ் வருஷத்தில் நாலைந்து முறை வந்தால் கதை வேறு.) அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மூட்டு, வாத நோய் டாக்டர்கள் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் கோடு போடுவது இங்கே: தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன், மூன்று மாதத்துக்கு மேல். இரண்டரை மில்லிகிராம் என்றால் 5 மி.கி. மாத்திரையில் பாதி. "நான் சும்மா பாதிதான் அண்ணாச்சி போடுதேன்" என்று சொல்லும் ஆட்களும் கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு, மாத்திரை ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாக, எலும்பு முறியும் அபாயம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிட வேண்டும், பிறகு ஒன்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். எழுதிவைத்தபடி நடந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இல்லை. தோல் டாக்டர் தோலைப் பார்க்கிறார், கொப்புளம் வற்றியதா என்று. சிறுநீரக டாக்டர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்க்கிறார். நெஞ்சு டாக்டர் ஊதச் சொல்லிப் பார்க்கிறார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் சர்க்கரையையும் எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். அதற்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். எலும்பு யார் கணக்கிலும் வருவதில்லை. எலும்பு டாக்டரிடம் போவது உடைந்த பிறகுதான். நான் எந்த மருத்துவரையும் குறை சொல்லவில்லை. ஓ.பி. வரிசையில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் இடத்தில், வலிக்காத ஒன்றைப் பற்றி யார் பேச்சை எடுப்பது?

என் அத்தை கதையைச் சொல்கிறேன். கடையத்தில் இருக்கிறார். முடக்குவாதம் வந்து காலையில் விரல் மடங்காமல், தோசைக்கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தவர். மற்ற மருந்துகளோடு தினம் 7.5 மி.கி. பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் எழுந்து கோலம் போட்டார். ஸ்டீராய்டின் அருமை, வலியில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் குறைக்கச் சொன்னபோதெல்லாம் "கொறைச்சா வலிக்கு" என்று அதே அளவில் நின்றுகொண்டார். முகம் உருண்டது, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் "இப்பதான் ஆளு தெளிஞ்சிருக்கா" என்றார்கள்.

ஒரு மார்கழியில் இருமல் நிற்கவில்லை என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ரிப்போர்ட்டில் நுரையீரலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தது. நுரையீரல் நன்றாக இருந்தது. அதே படத்தைப் பிறகு வேறொரு மருத்துவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதுகின் கீழ்ப்பாதியில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. விழவில்லை, இடிக்கவில்லை. என்றைக்கு நசுங்கியது என்று யாருக்கும் தெரியாது. அத்தையிடம் படத்தைக் காட்டியபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அதான் மருமவனே, கொஞ்ச காலமா சேலை தரையில இழுபடுது. நான் கொசுவத்தை ஏத்தி ஏத்திச் சொருவிக்கிட்டு இருக்கேன். சேலைதான் நீளமா நெய்யுதான்னு நெனச்சேன்" என்றார்.

உயரம் குறைந்திருக்கிறது. உடம்பு தன் சேதியைச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். முள்ளெலும்பு நசுங்கல்களில் மூன்றில் இரண்டு, நசுங்கிய நேரத்தில் எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. வாயு பிடித்துக்கொண்டது, படுக்கை சரியில்லை என்று தைலம் தேய்த்து ஓட்டிவிடுவார்கள். மாதவிலக்கு நின்ற, நீண்டகால ஸ்டீராய்டில் இருந்த 551 பெண்களைப் படமெடுத்துப் பார்த்து 2006-இல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வில் 37 சதவீதம் பேருக்கு ஒரு முள்ளெலும்பாவது நசுங்கியிருந்தது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்களை எடுத்து, 2000-இல் இன்னொரு கணக்குப் போட்டார்கள். தினம் 2.5 முதல் 7.5 மி.கி. வரை சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவு இரண்டரை மடங்கு, 7.5-ஐத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் ஐந்து மடங்கு. அபாயம் ஏறத் தொடங்கியது மூன்றே மாதத்தில். "வருஷக்கணக்கில் சாப்பிட்டால்தானே எலும்பு தேயும்" என்று கடையில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: வேகமாகக் கரைவது முதல் ஆறு மாதத்தில். அதற்குப் பிறகு மெதுவாக, ஆனால் விடாமல்.

எலும்பு உயிருள்ள பொருள். ஒரு கூட்டம் செல்கள் பழையதை அரித்து எடுக்க, இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு முதலில் அரிப்பவர்களைத் தூண்டிவிடுகிறது. கட்டுபவர்களைக் கொல்கிறது, மிஞ்சியவர்களைச் சோம்பேறியாக்குகிறது. போதாக்குறைக்குக் குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறையும், சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும், பாலின ஹார்மோன்கள் குறையும், தொடைத் தசை வலு இழக்கும். உள்ளே பஞ்சுபோல் இருக்கும் எலும்பைத்தான் முதலில் தாக்கும். முதுகெலும்பும் விலா எலும்பும் அந்த வகை. பலமாக இருமினால் விலா விரிசல் விட்ட ஆஸ்துமாக்காரர்கள் உண்டு.

இதெல்லாம் புதுச் சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் மயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1948 செப்டம்பரில் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியில் போட்டார். படுக்கையில் கிடந்த பெண் சில நாளில் நடந்தார். 1950-இல், அந்த ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் அவருக்குமாக நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊசிக்குப் பதினாறு வருஷம் முன்பே, 1932-இல், உடம்பே தன் ஸ்டீராய்டை அளவுக்கு மீறிச் சுரந்தால் என்ன ஆகும் என்று ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் எழுதிவிட்டார். உருண்ட முகம், வயிற்றுச் சதை, கூன் விழுவது, இடுப்புப் பக்கம் முதுகு வலி, அளந்து பார்க்கும் அளவுக்கு உயரம் குறைவது. அத்தையின் சேலை விஷயம் 1932-லேயே பதிவாகியிருக்கிறது.

ஆகவே உயரத்திலிருந்து தொடங்குவோம். காசு செலவில்லாத சோதனை இதுதான், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். இள வயதில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, போன முறை அளந்ததைவிட இந்த முறை 2 செ.மீ. குறைந்தாலோ முதுகெலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். எடை போட எல்லா மருத்துவமனையிலும் மெஷின் இருக்கிறது. உயரத்தை மட்டும் நோயாளியின் வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அவரும் கல்யாணத்துக்கு முன்னால் யாரோ சொன்ன அளவைச் சொல்வார். கடையில் எடை மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஒரு அளவு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வைசோலோன் வாங்க வரும் ஆச்சிமாரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை மட்டமாக வைத்து அளந்து சீட்டின் பின்னால் எழுதிக்கொடுப்பேன். சாயங்காலத்தில் எல்லாருக்குமே உயரம் கொஞ்சம் குறையும் என்பதால் காலையில் வரச் சொல்வேன். முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் அவர்களாகவே வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறார்கள். மேஜையில் மல்லாக்கப் படுக்க வேண்டும், மேலே ஒரு கை நகரும், கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, குகைக்குள் போகிற மாதிரி பயமும் இல்லை. கதிர்வீச்சு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை விடக் குறைவு. இடுப்புப் பக்க முதுகெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்திலும் எவ்வளவு தாது இருக்கிறது என்று அளந்து சொல்லும். அந்த எண்ணை ஆரோக்கியமான இளவயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் டி ஸ்கோர், அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் இசட் ஸ்கோர். டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலியும் நோய், என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடு இன்றும் நிற்கிறது.

ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் அந்த அளவுகோலை அப்படியே நம்பக்கூடாது. ஒரே டி ஸ்கோர் உள்ள இரண்டு பேரில் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு எலும்பு முதலில் முறியும். ஸ்கேன் அளப்பது எலும்பில் எவ்வளவு தாது என்பதை. எலும்பின் உள் அமைப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது அந்த எண்ணில் முழுதாக வராது. இதை வைத்துத்தான் இங்கிலாந்து மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2002-இல் ஸ்டீராய்டு நோயாளிகளுக்கு மைனஸ் 1.5-லேயே மருந்தை யோசிக்கச் சொன்னது. "மைனஸ் 1.8தான், லேசான தேய்மானம், பயமில்லை" என்று ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் தாளைத் திரும்ப விரிக்கத் தோன்றும். அதனால் ஸ்கேனோடு கூடவே முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே. டெக்ஸா மெஷினிலேயே அந்தப் படத்தை எடுக்கும் வசதியும் உண்டு, கேட்டால் எடுப்பார்கள். ஏற்கெனவே ஒன்று நசுங்கியிருந்தால் டி ஸ்கோர் என்ன சொன்னாலும் அவர் அதிக அபாயக்காரர்தான்.

ரிப்போர்ட்டில் இன்னும் சில பள்ளங்கள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு முதுகெலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருக்கும். அது எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். நசுங்கிய எலும்பும் அடர்த்தி அதிகமானதாகத் தெரியும், ஏனென்றால் அதே தாது சின்ன இடத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த எலும்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கும் மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கும் டி ஸ்கோரைப் பார்க்கக்கூடாது, இசட் ஸ்கோர்தான். லூபஸ் உள்ள இளம்பெண் ஒருவர் கம்ப்யூட்டர் அச்சிட்ட டி ஸ்கோரைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கடைக்கு வந்தார்; அவருடைய இசட் ஸ்கோர் அவ்வளவு மோசமில்லை. அப்புறம், அடுத்த முறையும் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். ஒரு வருஷத்தில் எலும்பில் வரும் மாற்றம் சின்னது. இரண்டு மெஷினுக்கு நடுவில் உள்ள வித்தியாசமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இங்கே இலவச முகாம்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பந்தல் போட்டு, பேனர் கட்டி, "இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை" என்று நடத்துவார்கள். குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக ஒரு தாள் வரும். அது ஒலி அலையை வைத்துப் பார்க்கும் கருவி. மைனஸ் 2.5 என்ற கோடு இடுப்பையும் முதுகையும் டெக்ஸாவில் அளந்து போட்ட கோடு. குதிகால் எண்ணுக்கு அது பொருந்தாது. மருந்து சாப்பிட்டு எலும்பு தேறியதா என்று தொடர்ந்து பார்க்கவும் அந்தக் கருவி உதவாது. பொதுவாக வயதானவர்களில் யாருக்கு அபாயம் இருக்கலாம் என்று சலித்துப் பார்க்க வேண்டுமானால் ஏதோ பயன்படும். ஸ்டீராய்டு முதலில் தின்பது முதுகெலும்பை. குதிகாலில் பச்சை விழுந்ததால் முதுகு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சிவப்பு விழுந்தவர்களாவது பயந்து டாக்டரிடம் போவார்கள். பச்சை விழுந்த ஸ்டீராய்டு நோயாளிதான் எனக்குக் கவலை. அவர் அந்தத் தாளை வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த அஞ்சு வருஷம் எங்கும் போகமாட்டார்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ராக்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008-இல் வெளியிட்டது. வயது, எடை, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகைப்பழக்கம் என்று கேட்டு, அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். இந்தியாவுக்கும் தனியாக இருக்கிறது. ஸ்டீராய்டு உண்டா இல்லையா என்றுதான் கேட்கும், எவ்வளவு என்று கேட்காது. தினம் 7.5 மி.கி.க்கு மேல் சாப்பிடுபவருக்கு வந்த எண்ணை, முக்கிய எலும்பு முறிவுகளின் மொத்தக் கணக்குக்கு 1.15-ஆலும் இடுப்பு முறிவுக்கு 1.2-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். இது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்ற விவரம் அவருக்கு உங்களிடமிருந்துதான் கிடைக்கும்.

அந்த விவரம்தான் யாரிடமும் இருப்பதில்லை. பொதுவாக ஆட்கள் மருந்தின் பெயரை அட்டையின் நிறத்தை வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் தோலுக்கு ஒரு டாக்டரிடம் வைசோலோன் வாங்கிக்கொண்டிருந்தார், இளைப்புக்கு வேறொருவரிடம் மெட்ரால், முழங்கால் வலி கூடினால் பழைய சீட்டைக் காட்டி எங்கோ டெஃப்ளாசகார்ட். மூன்றும் வெவ்வேறு மருந்து என்பது அவர் நினைப்பு. மூன்றும் ஸ்டீராய்டு. 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு ஈடு 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன், அதாவது மெட்ரால். டெஃப்ளாசகார்ட் என்றால் 6 மி.கி.; டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராமே போதும். மாத்திரை சின்னது, எண் சின்னது என்பதற்காக மருந்தும் சின்னது என்று ஆகாது. மூட்டில் போடும் ஊசியையும் சேர்த்து எழுதுங்கள். முச்சந்தியில் விற்கும் "மூட்டு வலிச் சூரணம்" ஒரே நாளில் வலியைத் தூக்கி எறிந்தால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இந்த நாட்டில் அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு சிக்கியது ஒருமுறை இருமுறை இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மருந்து, அளவு. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்கலாம். அந்த 2022 வழிகாட்டுதலில், ஒரு வருஷத்தில் மொத்தம் 5 கிராம் தாண்டியவரும், தினம் 30 மி.கி. வீதம் ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவரும் மிக அதிக அபாயப் பட்டியலில் வருகிறார்கள். ஐந்து கிராம் என்றால் எங்கேயோ என்று தோன்றும். தினம் 14 மி.கி.க்குக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாலே வருஷத்தில் அதைத் தொட்டுவிடும்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி. இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் வைட்டமின் டி குறைவா என்று கேட்கிறார்கள். குறைவுதான், பலருக்கும். லூபஸ்காரர்களுக்கு வெயிலே ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவும் மாத்திரையுமாகத் தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் போக வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240. மிச்சத்துக்கு மாத்திரை. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், தைராய்டு மாத்திரையோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருப்பதைத் தினம் ஒன்று என்று குடித்தவரை எனக்குத் தெரியும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாக அட்மிட் ஆனார்.

கால்சியம் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன், அபாயம் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் என்று வந்துவிட்டவருக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி., அல்லது வருஷத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட், அல்லது வேறு ஒன்று என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காலைக் காப்பியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். எங்கள் பக்கம் காப்பிக்காக அரைமணி காத்திருக்கச் சொல்வது பெரிய தண்டனை, அதனால் இதைக் கொடுக்கும்போது மட்டும் வீட்டு ஆளையும் கூப்பிட்டுச் சொல்வேன். இந்த மருந்துகளுக்கு முன்னால் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுவது நல்லது.

மிக மோசமானவர்களுக்குத் தினசரி ஊசியாக டெரிபாரடைட் உண்டு. இது அரிப்பைத் தடுக்காது, கட்டுகிறவர்களை எழுப்பிவிடும். ஸ்டீராய்டு நோயாளிகளில் இதையும் அலெண்ட்ரோனேட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வந்தது. பதினெட்டு மாதத்தில் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது டெரிபாரடைட் பக்கம் 0.6 சதவீதம், அலெண்ட்ரோனேட் பக்கம் 6.1 சதவீதம். விலைதான் கையைக் கடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: அதை நடுவில் அப்படியே நிறுத்திவிட்டால் அடக்கிவைத்திருந்த அரிப்பு ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி, வரிசையாக முள்ளெலும்புகள் நசுங்கலாம். தேதி தவறக்கூடாது, நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாற வேண்டும். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் இவற்றில் எதை ஆரம்பிக்கும் முன்பும் அந்த எண்ணத்தை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில மருந்துகள் எலும்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடும்.

இவ்வளவு கண்காணித்தும் டெக்ஸாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு இடுப்பு மூட்டுப் பந்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அந்த எலும்பையே சாகடித்துவிடலாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு மும்பையிலிருந்து இப்படிச் செய்திகள் வந்தபோதுதான் பலரும் கேள்விப்பட்டார்கள். ஸ்டீராய்டு எழுதும் டாக்டர்களுக்கு இது பழைய எதிரி. தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்கார முடியாமை, லேசாக நொண்டுவது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். டி ஸ்கோர் நன்றாக இருக்கிறதே என்று இந்த வலியை விடக்கூடாது. சீக்கிரம் பிடித்தால் மூட்டைக் காப்பாற்றும் வழிகளை யோசிக்க முடியும். பந்து சப்பையாகிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான்.

எலும்புக்குப் பயந்து ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. குறைக்க முடியுமா என்று ஒவ்வொரு விசிட்டிலும் கேட்கலாம், கேட்க வேண்டும். நோய் அடங்கியிருக்கும்போது அளவைக் குறைப்பதைவிட எலும்புக்கு நல்ல மருந்து வேறில்லை. அத்தைக்கு அப்படித்தான் 7.5-இலிருந்து மெல்ல மெல்ல இறக்கினார்கள். தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, மேற்கத்திய கழிப்பறை வேண்டுமா, ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா, முற்றத்தில் பாசி இருக்கிறதா என்று வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தோம். எலும்பு தேய்ந்தவர் விழாமல் இருப்பது பாதி வைத்தியம்.

ஸ்டீராய்டை முழுதாக நிறுத்தியவர்கள் கேட்பது ஒன்று உண்டு: "இனிமே எலும்பு பழையபடி ஆயிருமா அண்ணாச்சி?" முறியும் அபாயம் நிறுத்திய பிறகு நன்றாகவே இறங்கும், அந்த பிரிட்டிஷ் பதிவேடுகளிலும் அப்படித்தான் தெரிந்தது. அடர்த்தியும் ஓரளவு திரும்பும். நசுங்கிய முள்ளெலும்பு மட்டும் நிமிராது. அது ஒன்று நசுங்கியிருந்தால் பக்கத்தில் உள்ளது நசுங்கும் வாய்ப்பும் கூடுதல். அதனால் மாத்திரை நின்றுவிட்டது என்பதற்காக ஸ்கேன் தேதியை அடித்துவிட வேண்டாம். நிறுத்தும் நாளில் ஒரு டெக்ஸா, உயரம் ஒருமுறை, எலும்புக்கான மருந்தைத் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு கேள்வி. அத்தைக்கு அடுத்த ஸ்கேன் தை கழிந்து. திருநெல்வேலிக்குக் காரில் போகலாம் என்று நான் சொல்கிறேன், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுதான் வேண்டும் என்கிறார் அவர்.